மூன்று வாரத்தில் ஒரு கிராமத்துக்கு என்ன செய்ய முடியும்?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு, எனக்கு 26 வயது. பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துவிட்டு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் மூன்று ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். காங்கோவில் எபோலா பரவிய செய்திகளைப் படித்ததிலிருந்து ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போய் உதவ வேண்டும் என்ற எண்ணம் விடவே இல்லை. இணையத்தில் தேடியபோது ஒரு ஏஜென்சி கிடைத்தது. எபோலா பகுதிக்கு அனுப்ப மாட்டார்களாம். மலாவியில் ஒரு கிராமத்து மருத்துவமனையில் மூன்று வாரம் இருக்கலாம், காலரா விழிப்புணர்வு வேலை செய்யலாம், பிரசவம் பார்க்கவும் வாய்ப்பு உண்டு என்கிறார்கள். விமான டிக்கெட் போக 1,80,000 ரூபாய். முடிவில் சான்றிதழ் தருவார்கள். சீட்டுப் பணம் கையில் இருக்கிறது. அம்மாவோ, "ஆப்பிரிக்கா போனா எபோலா வந்துடும்" என்று அழுகிறார். தோழிகளோ, "இங்கே சேவை இல்லையா?" என்று கேட்கிறார்கள். நான் போகலாமா? போனால் உண்மையிலேயே யாருக்காவது பயன் உண்டா?

— பெயர் வெளியிட வேண்டாம், மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த மூன்று வாரப் பயணம் வேண்டாம். ஆனால் போக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடாதீர்கள். ஐசியூவில் மூன்று ஆண்டு நின்று வேலை பார்த்த செவிலியருக்கு, சரியான நிறுவனம் வழியாக, போதுமான காலத்துக்குப் போனால் அங்கே உண்மையான வேலை இருக்கிறது. அதற்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு தயாரிப்பு வேண்டும். நான் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் எபோலா காலத்தில் தொற்றுத் தடுப்பு வேலை பார்த்தவள். அங்கே பார்த்ததையும், அதன் பிறகு பதிவாகியிருப்பதையும் வைத்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே வரும்.

அம்மாவின் பயத்துக்கு ஒரு தகவல் உடனே சொல்லலாம். மலாவியில் இதுவரை எபோலா பரவியதே இல்லை. 2014-இல் எபோலா எரிந்த கினியாவுக்கும் மலாவிக்கும் நடுவே ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஆப்பிரிக்கா என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை. எந்த நாடு, எந்த மாவட்டம், எந்த நோய் என்று தெரிந்துகொண்டால் பயமும் சரியான அளவுக்கு வந்துவிடும், செய்யக்கூடிய உதவியும் தெளிவாகும்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன்: பயன் உண்டா? இதற்குப் பதில் சொல்ல, ஒரு கிராமத்தில் தொற்று எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலா 2013 டிசம்பரில் கினியாவின் காட்டுப்பகுதியில் மெலியாண்டு என்ற சின்னக் கிராமத்தில் ஒரு கைக்குழந்தையிடம் தொடங்கியதாகக் கண்டறிந்தார்கள். அது எபோலாதான் என்று ஆய்வகத்தில் உறுதியானது 2014 மார்ச்சில். அந்த மூன்று மாதமும் நோய் பேசாமல் பரவிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதி கினியா, சியரா லியோன், லைபீரியா மூன்றும் சந்திக்கும் மூலை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிஸ்ஸி மொழி பேசும் ஒரே சொந்தக்காரர்கள். சந்தைக்குப் போவார்கள், சாவுக்குப் போவார்கள். நோயும் அவர்களோடு போனது. 2016-இல் முடிந்தபோது 28,600-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டு, 11,300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள்.

எபோலாவில் இறந்தவரின் உடலில்தான் கிருமி மிக அதிகம். அந்த ஊர்களில் இறந்தவரைக் குளிப்பாட்டி, தொட்டு, கடைசியாக ஒருமுறை அணைத்து அனுப்புவது உறவினரின் கடமை. நம் ஊரிலும் நீர்மாலை எடுத்து வந்து குளிப்பாட்டாமல் ஒரு உடலைத் தூக்க விடுவோமா? புதிய தொற்றுகளில் குறைந்தது 20 சதவீதம் அடக்கத்தின்போது ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் அப்போது கணக்கிட்டது.

ஆரம்பத்தில் வெளியாட்கள் செய்தது என்ன? முழுக் கவச உடையோடு வண்டியில் வந்து இறங்கினார்கள். வீட்டாரிடம் அதிகம் பேசாமல் உடலில் குளோரின் அடித்து, பையில் கட்டி எடுத்துப் போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியாது. சிகிச்சை மையத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை, உடலும் வரவில்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்? இவர்கள்தான் நோயைக் கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தார்கள். நோயாளியை ஒளித்து வைத்தார்கள், இரவில் தாங்களே புதைத்தார்கள். 2014 செப்டம்பரில் கினியாவின் வோமே கிராமத்துக்கு விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குப் போன குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அதிகாரிகள், சுகாதாரப் பணியாளர்கள், செய்தியாளர்கள் அந்த எட்டுப் பேரில் இருந்தார்கள். கொலைக்கு நியாயம் கிடையாது. ஆனால் அந்த ஊரின் பயம் எங்கிருந்து வந்தது என்று புரியாதவர் அங்கே விழிப்புணர்வு செய்யப் போவதில் அர்த்தமில்லை.

இது எப்படி மாறியது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். கினியாவின் கிஸ்ஸி ஊர் ஒன்றில் ஒரு கர்ப்பிணி எபோலாவில் இறந்துபோனார். வயிற்றில் குழந்தையோடு பெண்ணைப் புதைக்கக் கூடாது, பிரித்தெடுத்துத்தான் புதைக்க வேண்டும் என்பது அங்கே முறை. மருத்துவக் குழுவுக்கோ அந்த உடலைத் திறப்பது தற்கொலைக்குச் சமம். ஊர் விடவில்லை, குழுவும் விடவில்லை. அப்போது ஜூலியன் அனோகோ என்ற மானுடவியலாளர் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசி, முறை தவறிப்போனால் அதற்குப் பரிகாரமாகச் செய்யும் சடங்கு ஒன்று அவர்கள் மரபிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தச் சடங்குக்கு ஏற்பாடு செய்தார்கள். உடலைத் திறக்காமலே அடக்கம் நடந்தது. அங்கே நோயைத் தடுத்தது மருந்தோ கருவியோ இல்லை. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டதுதான்.

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்க முறைகளையே மாற்றி எழுதியது. பாதுகாப்போடு மரியாதையும் வேண்டும் என்று விதியிலேயே வந்தது. குடும்பத்தார் தூரத்தில் நின்று பார்க்கலாம், இமாமோ பாதிரியாரோ பிரார்த்தனை செய்யலாம், கல்லறைக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம். சியரா லியோனில் இந்த அடக்கங்களைச் செய்தவர்களில் பலர் உள்ளூர்ச் செஞ்சிலுவைத் தொண்டர்கள், அதே ஊர்களில் பிறந்த இளைஞர்கள். அந்த வேலையைச் செய்ததற்காக வீட்டில் சேர்க்காமல் விரட்டப்பட்டவர்கள் அவர்களில் உண்டு. இன்னொரு பக்கம் ஊர்த்தலைவர்கள் தாங்களே கட்டுப்பாடுகள் போட்டார்கள்: அந்நியரைத் தங்க வைக்கக் கூடாது, நோயாளியை மறைத்தால் அபராதம், உடலைக் கழுவினால் அபராதம். நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் தினமும் போய்ப் பார்த்து, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டு எழுதியவர்களும் ஊர்க்காரர்களே.

வெளியிலிருந்து வந்த பெரிய உதவிக்கு ஒரு கணக்கும் இருக்கிறது. லைபீரியாவில் அமெரிக்கா 11 சிகிச்சை மையங்கள் கட்டியது. அவை தயாரானபோது நோய் இறங்க ஆரம்பித்துவிட்டது. அத்தனை மையங்களிலும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் 28 பேர். ஒன்பது மையங்களில் ஒருவர்கூட இல்லை. கட்டடம் வந்து சேரும் முன்பே ஊர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டிருந்தன.

வெளியாட்கள் யாரும் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு ஆரம்ப மாதங்களில் அங்கே இல்லாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். 2014 அக்டோபரில் கியூபா 165 மருத்துவர்களையும் செவிலியர்களையும் சியரா லியோனுக்கு அனுப்பியது. அவர்கள் ஹவானாவில் பல வாரம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார்கள், மாதக்கணக்கில் இருந்தார்கள். தயாராக வந்து, தங்கி, உள்ளூர் ஆட்களின் கீழ் வேலை பார்த்தவர்கள் பயன்பட்டார்கள்.

அந்த மையங்களில் ஒரு செவிலியரின் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஐசியூ அனுபவம் உதவும், ஆனால் அதே வேலை இருக்காது. கவச உடைக்குள் அந்த வெக்கையில் முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. உள்ளே போகும் நேரத்தையும் உங்கள் பெயரையும் மார்பில் பேனாவால் எழுதிக்கொள்வீர்கள். முகம் தெரியாதில்லையா, நோயாளிக்கு நீங்கள் யார் என்று தெரிய வேறு வழியில்லை. எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். உள்ளே எழுதிய காகிதம் வெளியே வராது. வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவரிடம் சத்தமாகப் படித்துச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும். மூன்று உறை போட்ட கையோடு, கண்ணாடி மங்க, ஒரு குழந்தைக்கு நரம்பு தேட வேண்டும். தேடிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து வெளியே வர வேண்டியிருக்கும். பெரிய ஆபத்து உள்ளே இருக்கும்போது அல்ல, வெளியே வந்து உடையைக் கழற்றும்போது. களைத்துப்போய் அவசரப்படுகிற நேரம் அது. அதனால்தான் ஒருவர் எதிரில் நின்று ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்லக் கழற்றுவோம்.

சுகாதாரப் பணியாளர்களுக்கு இருந்த ஆபத்து எவ்வளவு என்றால், லைபீரியா தன் மருத்துவர், செவிலியர், பிரசவம் பார்ப்போரில் 8 சதவீதம் பேரை எபோலாவில் இழந்தது. சியரா லியோன் 7 சதவீதம் பேரை இழந்தது. சியரா லியோனின் கெனமா அரசு மருத்துவமனையில், எலிகளால் பரவும் லாசா காய்ச்சலுக்கான வார்டை நடத்திய டாக்டர் ஷேக் உமர் கான் 2014 ஜூலை 29 அன்று இறந்தார். அவர் வார்டுச் செவிலியர்கள் பலரும் இறந்தார்கள். ஏற்கெனவே மருத்துவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு இருந்த நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

எபோலா செய்தியில் வராத இன்னொரு துயரமும் உண்டு, உங்களைப் போன்ற செவிலியருக்கு அங்கேதான் அதிக வேலை. பயத்தில் பெண்கள் பிரசவத்துக்கு சுகாதார நிலையத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கி வர அம்மாக்கள் தயங்கினார்கள். முதல் நாட்களில் மலேரியாவும் எபோலாவும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வாசலிலேயே காய்ச்சல் பார்த்துப் பிரித்து, சந்தேகப்பட்டவரைத் தனியே உட்கார வைத்து, மற்றவர்களுக்குப் பயமில்லாமல் பிரசவமும் தடுப்பூசியும் நடத்தத் தெரிந்த ஒரு நர்ஸ் இருந்தால் அந்த நிலையம் மூடாது. சியரா லியோனில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன நிலையங்கள் இருக்கின்றன. அங்கே உள்ளூர் நர்ஸ்களுக்குக் கை கழுவும் இடம் அமைப்பதிலிருந்து ஊசிக் கழிவை எரிப்பது வரை கூடவே இருந்து பழக்குவது, வாரா வாரம் திரும்பிப் போய்ப் பார்ப்பது, சாமான் தீர்ந்தால் மேலே கேட்டு வாங்கித் தருவது. படம் எடுத்துப் போடும் அளவுக்கு அதில் ஒன்றும் இருக்காது. என் பார்வையில் வெளியிலிருந்து வரும் செவிலியரால் மிக நீண்ட பயன் தரக்கூடிய வேலை இதுதான்.

இனி உங்கள் மூன்று வாரத்தைப் பார்ப்போம். முதல் வாரம் உடம்பு பழகவும் இடம் தெரியவும் போய்விடும். மலாவியில் ஆங்கிலம் ஆட்சிமொழிதான், ஆனால் கிராமத்தில் பேசுவது சிச்சேவா. அதனால் உங்களுக்கு மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும், பெரும்பாலும் அங்கே இருக்கும் ஒரே நர்ஸே அதைச் செய்ய வேண்டியிருக்கும். அவர் தன் வேலையை விட்டுவிட்டு உங்கள் பின்னால் வருவார். உங்களுக்குப் படுக்க இடம், குடிக்க நல்ல தண்ணீர், வண்டி எல்லாம் அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். உங்களுக்கே மலேரியா வந்துவிட்டால் ஒரு படுக்கையும் போகும். வேலை புரிய ஆரம்பிக்கும்போது கிளம்பிவிடுவீர்கள், அடுத்த வாரம் வேறொருவர் வந்து முதலிலிருந்து தொடங்குவார். உங்கள் மனசு நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கணக்கு கிராமத்துக்கு லாபமாக முடியாது.

"பிரசவம் பார்க்கவும் வாய்ப்பு" என்ற வரிதான் என்னை மிகவும் உறுத்தியது. மலாவியில் செவிலியர், மருத்துவச்சி கவுன்சில் இருக்கிறது. அதில் பதிவு செய்யாமல் வெளிநாட்டுச் செவிலியர் நோயாளியைத் தொடக் கூடாது. இதை அந்த ஏஜென்சி உங்களிடம் சொன்னதா? நீங்கள் ஐசியூ நர்ஸ், பிரசவ வார்டு அனுபவம் உங்களுக்கு எவ்வளவு? உங்கள் மருத்துவமனையில் ஒரு வெளிநாட்டுப் பெண் மூன்று வாரச் சுற்றுலா விசாவில் வந்து உங்கள் அக்காவின் பிரசவத்தைப் பார்க்கிறேன் என்றால் விடுவீர்களா? மலாவிக் கிராமத்துப் பெண்ணுக்கும் அதே உரிமை இருக்கிறது. அதை 1,80,000 ரூபாய்க்கு யாரும் விற்க முடியாது.

காலரா பற்றியும் ஒரு வார்த்தை. மலாவியில் 2022 மார்ச்சில் தொடங்கிய காலரா அந்த நாட்டு வரலாற்றிலேயே பெரியது. சுமார் 59,000 பேர் பாதிக்கப்பட்டு, 1,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் காலராவில் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்கக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஓஆர்எஸ் கரைசலே போதும், ட்ரிப் ஏற்ற வேண்டியதில்லை. அப்படியிருந்தும் இறந்தார்கள் என்றால், வீட்டுப் பக்கத்தில் கரைசல் கிடைக்கவில்லை, அல்லது தாமதமாக வந்து சேர்ந்தார்கள். நல்ல தண்ணீரும் கழிப்பறையும் இல்லாதது அதற்கெல்லாம் முன்னால் நிற்கும் காரணம். 1971-இல் வங்காள எல்லையில் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும், படித்திருப்பீர்கள். ட்ரிப் பாட்டில் தீர்ந்ததும் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்மில் வைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. நர்ஸ் அல்ல, அம்மாவும் அண்ணனும்தான் புகட்டினார்கள். மலாவியில் அந்த வேலையைச் செய்ய ஊர் ஊராகச் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்கள் இருக்கிறார்கள், நம் கிராம சுகாதாரச் செவிலியர், ஆஷா பணியாளர் மாதிரி. அவர்களுக்குக் குறைவது சைக்கிள், குளோரின், ஓஆர்எஸ் பொட்டலம், நேரத்துக்குச் சம்பளம். விழிப்புணர்வு பேச அவர்களைவிடப் பொருத்தமானவர் யாரும் இல்லை.

சம்பளம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2014 நவம்பரில் கெனமாவில் அடக்கக் குழுவினர் தங்களுக்கு வர வேண்டிய ஆபத்துப் படி வரவில்லை என்று உடல்களை மருத்துவமனை வாசலில் போட்டுவிட்டுப் போராடினார்கள். உலகமே பணம் கொட்டிக்கொண்டிருந்த நேரம் அது. உங்கள் சீட்டுப் பணத்தில் ஒரு பகுதியை இந்த விஷயத்துக்காகவே கொடுக்க விரும்பினால், அந்தந்த நாட்டின் செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ அங்கே ஏற்கெனவே பல ஆண்டாக இருக்கும் அமைப்புக்கோ கொடுங்கள். மீதியை உங்கள் தயாரிப்புக்கு வையுங்கள்.

என்ன தயாரிப்பு? இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு இங்கேயே வேலை பாருங்கள், ஆனால் ஐசியூவை விட்டு வெளியே வாருங்கள். உங்கள் மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழுவில் சேர முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரும் விரும்பாத வேலை அது, கேட்டால் தருவார்கள். முடிந்தால் ஆறு மாதமாவது பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் இருங்கள். கிராம மையத்தில் உங்களிடம் வருவது குழந்தைகளும் கர்ப்பிணிகளுமாகத்தான் இருக்கும், வென்டிலேட்டர் இருக்காது. நான்கு பேருக்கு ட்யூட்டி போட்டு, கணக்கு எழுதி, சண்டை தீர்த்து வைத்த அனுபவம் இருந்தால் இன்னும் நல்லது. வெளிநாட்டுச் செவிலியர்களைப் பெரும்பாலும் மேற்பார்வைக்கும் பயிற்சிக்கும்தான் எடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் எபோலா, காலரா, தொற்றுத் தடுப்பு பற்றி இணையத்தில் இலவசப் பயிற்சிகள் வைத்திருக்கிறது. இரவு ட்யூட்டி இல்லாத நாட்களில் முடித்துவிடலாம்.

அப்புறம், பிரெஞ்சு. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். காங்கோ, கினியா, சாட், நைஜர், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு எல்லாம் பிரெஞ்சு தெரிந்தால் மட்டுமே வேலை செய்யக்கூடிய நாடுகள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த செவிலியர்கள் நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், பிரெஞ்சு தெரிந்தவர் குறைவு. சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்செஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் இருக்கிறது, இணைய வகுப்பும் உண்டு. நோயாளியின் வலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வர ஒன்றரை ஆண்டாவது ஆகும். இன்றே தொடங்கலாம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே சோதனை போதும்: பணம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். நல்ல அமைப்பு உங்களிடம் பணம் கேட்காது. சம்பளமோ படியோ தரும், பயணம், தங்குமிடம், காப்பீடு எல்லாம் பார்த்துக்கொள்ளும். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு அப்படித்தான். செவிலியருக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கும், முதல் பணி பல மாதங்களுக்கு நீளும். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்திலும் மாதப் படி உண்டு. நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். என் மேலதிகாரி யார், அவர் உள்ளூர்க்காரரா? அந்த நாட்டில் என் பதிவை யார் செய்து தருவீர்கள்? எனக்கு உடம்பு முடியாமல் போனால் எங்கே கொண்டு போவீர்கள், எத்தனை மணி நேரத்தில்? நான் போன பிறகு இந்த வேலையை யார் பார்ப்பார்? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லாத இடத்துக்குப் போக வேண்டாம்.

போன பிறகு நடந்துகொள்ளும் முறை பற்றி ஒரு கனமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 2018-இலிருந்து 2020 வரை காங்கோவின் வடக்குக் கிவுப் பகுதியில் எபோலாவை எதிர்த்துப் போன பணியாளர்களில் சிலர், வேலை தருகிறேன் என்று சொல்லி உள்ளூர்ப் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார்கள். உலக சுகாதார நிறுவனமே நியமித்த தனி விசாரணைக் குழு 2021 செப்டம்பரில் 83 பேர் மீது குற்றச்சாட்டு இருப்பதாகச் சொன்னது. அதில் 21 பேர் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். நோய் வந்த ஊரில் வெளியாள் கையில் சம்பளம், வண்டி, மருந்து எல்லாம் இருக்கும். அந்த அதிகாரம் நம்மை எப்படி மாற்றும் என்று போகும் முன்பே யோசித்து வைக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் எங்கே புகார் சொல்வது என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியைப் படம் எடுக்காதீர்கள், குழந்தைகளைத் தூக்கிவைத்து எடுப்பதும் வேண்டாம். ஊர்த்தலைவரைப் பார்த்து வணக்கம் சொல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

இனி அம்மா. அவரிடம் பொய்யான தைரியம் சொல்லாதீர்கள், ஆபத்து இருக்கிறது. 2019 ஏப்ரல் 19 அன்று காங்கோவின் புடெம்போவில் ரிச்சர்ட் மௌசோகோ என்ற கேமரூன் நாட்டு மருத்துவர் மருத்துவமனையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே சமயம் எபோலாவின் ஜயர் வகைக்கு இப்போது நல்ல தடுப்பூசி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். 2014-இல் எங்களுக்கு அது கிடையாது. 2022-இல் உகாண்டாவில் பரவிய சூடான் வகைக்கு அந்த ஊசி பயன்படாது என்பதையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எபோலா காற்றில் பரவுவதில்லை, அறிகுறி வந்த பிறகு உடல் திரவத்தைத் தொட்டால்தான் தொற்றும். அம்மாவிடம் எழுத்தில் காட்டுங்கள்: காப்பீட்டுத் தாள், அவசரத்துக்கு அழைக்கும் எண், எந்த நாளில் திரும்புவேன் என்ற தேதி. "கவலைப்படாதே" என்று நூறு தடவை சொல்வதைவிட இந்த மூன்று தாளும் அவருக்கு அதிகம் உதவும். என் வீட்டிலும் அப்படித்தான் சம்மதம் வந்தது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை நாடு முடிவானதும் போட்டுக்கொள்ளுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். அது இல்லாமல் நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். மலேரியா தடுப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். எபோலா பகுதியில் வேலை பார்த்துவிட்டு வந்தால் 21 நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுத வேண்டும், அந்த நாட்களில் கல்யாணம் காட்சி என்று கூட்டத்துக்குப் போகாதீர்கள். அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், பார்க்கும் டாக்டரிடம் முதல் வாக்கியமாக எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று சொல்லுங்கள். மலேரியாவைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டு உயிர் போனவர்கள் உண்டு.

உங்கள் தோழிகள் சொல்வதற்கும் ஒரு பதில். இங்கே சேவை இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் இங்கே இருக்கிறது என்பதால் அங்கே போகக் கூடாது என்றாகாது. அவர்களோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்த ஏஜென்சிக்கு முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் திரும்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பிரெஞ்சு முதல் நிலை வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று விசாரியுங்கள். பின்னாளில் ஏதாவது அமைப்பிலிருந்து அழைப்பு வந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்த ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கள். வரி வரியாகப் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.